சிச்சுவேஷன் இல்லாத பாட்டுகள்

தமிழ் சினிமாவில் ஒரு பாட்டு மெட்டில் பிறப்பதில்லை, வரியிலும் பிறப்பதில்லை. 'சிச்சுவேஷன்' என்ற ஒற்றைச் சொல்லில்தான் பிறக்கிறது. இயக்குநர் வந்து உட்கார்ந்து சிச்சுவேஷன் சொல்வார். நாயகன் ஊரைவிட்டுப் போகிறான், அவள் மாடியில் நிற்கிறாள், மழை பிடித்துக்கொள்கிறது. இசையமைப்பாளர் அதற்கு மெட்டுப் போடுவார், பாடலாசிரியர் மெட்டுக்குள் சொல்லை இறக்குவார். 1931-இல் 'காளிதாஸ்' பேசத் தொடங்கிய நாள் முதல் நம் காது இப்படியே பழகிவிட்டது. படத்தையே பார்க்காமல் வானொலியில் மட்டும் கேட்ட பாட்டுக்குக்கூட, யார் யாரைப் பார்த்துப் பாடுகிறார்கள் என்பதை மனம் தானாக நிரப்பிக்கொள்ளும்.

படம் இல்லாத பாட்டுக்கு இந்த வசதி கிடையாது. நாம் 'ஆல்பம் சாங்' என்று கூப்பிடும் தனிப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யார் பாடுகிறார், எங்கே நின்று பாடுகிறார், ஏன் இன்று பாட வேண்டியிருக்கிறது என்ற மூன்றையும் அதுவேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும். கடந்த பத்தாண்டுகளில் தமிழில் வந்த பாப், ராப், ராக் பாட்டுகளை மதிப்பிட இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. சிச்சுவேஷன் சொல்ல ஆளில்லாதபோது இந்தப் பாட்டு தன் சிச்சுவேஷனை எங்கிருந்து எடுத்தது? ஒவ்வொரு பாட்டிடமும் நான் கேட்கப்போவது இதைத்தான்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் நான் மீண்டும் மீண்டும் கேட்பவை ஐந்து. டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' (2017), தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் 'ஜெய் பீம் ஆந்தம்' (2018), தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' (2021), தி எஃப்16ஸ் என்ற சென்னை ராக் குழுவின் 2021 இசைத்தொகுப்பு, சாய் அபயங்கரின் 'கட்சி சேர' (2024). ஐந்துமே எனக்குப் பிடித்தவை. ஆனால் பிடித்திருக்கிறது என்பது சாட்சியம், தீர்ப்பு இல்லை. எனக்குப் பிடித்த ஒன்றை இன்னொருவர் முன் வைக்கும்போது காரணத்தையும் சேர்த்து வைப்பதுதான் மரியாதை.

காரணங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். முதலாவது இன்பம். காது மயங்காத பாட்டுக்கு எவ்வளவு நல்ல கருத்து இருந்தும் பயனில்லை, அது துண்டுப் பிரசுரமாக வந்திருக்கலாம். இரண்டாவது, மேலே சொன்ன சிச்சுவேஷன். மூன்றாவது தேய்மானம். வெளிவந்த மாதத்தின் பரபரப்பு போன பிறகு, நூறாவது தடவை கேட்கும்போது பாட்டில் என்ன மிச்சமிருக்கிறது?

இந்த ஐந்தும் வெட்டவெளியில் முளைத்தவை அல்ல. மலேசியாவின் யோகி பி குழுவினர் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தபோது தமிழ் ராப் ஒரு தனி இசைத்தட்டைச் சுமக்கும் என்பது உறுதியானது. 2012-இல் ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்' அதை நம் கல்லூரி விடுதிகளுக்குள் கொண்டுவந்தது. பிறகு யூடியூப் இருந்தது. கேசட் கம்பெனியும் வேண்டாம், தியேட்டரும் வேண்டாம். கதவு திறந்தாகிவிட்டது. திறந்த கதவு வழியே என்ன வந்தது என்பதுதான் இனி.

மிக எளிதாக இன்பம் தருவதில் தொடங்குகிறேன். 2024 ஜனவரியில் 'கட்சி சேர' வந்தபோது சாய் அபயங்கருக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. பாடகர்கள் திப்புவும் ஹரிணியும் பெற்றோர்; வீட்டுக்குள்ளேயே இசை. ஆதேஷ் கிருஷ்ணா எழுதிய வரிகள். பாட்டின் கட்டுமானத்தில் ஒரு கைதேர்ந்த கணக்கு இருக்கிறது. குரலை அடக்கி, தாளத்தைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்பவனைக் காக்க வைத்து, பிறகு சட்டென்று விடுகிறார். அந்த விடுவிப்பு வரும் இடத்தில் பேருந்து இருக்கையிலேயே கால் தாளம் போடுகிறது. காணொளியில் சம்யுக்தா விஸ்வநாதனின் ஆட்டம் ஊரெல்லாம் பரவியதற்கும் காரணம் இந்தத் தாளத்தின் தெளிவுதான். எந்த அடியில் கால் வைக்க வேண்டும் என்று பாட்டே சொல்லிக்கொடுக்கிறது. இன்பம் என்ற முதல் அளவுகோலில் ஐந்தில் இதற்குக் குறைந்த மதிப்பெண் போட என்னால் முடியாது.

இரண்டாவது அளவுகோலுக்கு வரும்போது சிக்கல். இந்தப் பாட்டின் சிச்சுவேஷன் என்ன? ஓர் ஆணின் கண்ணில் ஒரு பெண் படுகிறாள், அவன் மனம் தடுமாறுகிறது. நமக்கு இது நன்றாகத் தெரிந்த இடம், ஏனென்றால் சினிமா ஆயிரம் முறை அங்கே நம்மைக் கூட்டிப்போயிருக்கிறது. இது யாருடைய ஊர், எந்தத் தெரு, அவன் என்ன வேலை செய்பவன், அவள் எதற்குப் பதில் சொல்லாமல் போகிறாள் என்று பாட்டு கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, நாம் பார்த்த படங்கள் அதை நிரப்பிவிடுகின்றன. படம் இல்லாத பாட்டு என்று பெயர் இருந்தாலும், பார்க்கப்படாத ஒரு படத்தின் நான்காவது பாட்டுபோலத்தான் இது ஒலிக்கிறது. அதே ஆண்டு வந்த 'ஆச கூட'வும் அப்படியே. இந்த இரண்டு பாட்டுகளுக்குப் பின் அவரைச் சினிமா அழைத்துக்கொண்டது, 2025-இல் 'டியூட்' படத்துக்கு இசையமைத்தார். அதில் தவறே இல்லை. அது அவர் தொழில், திறமைக்குக் கிடைத்த கூலி. ஆனால் அந்த மாற்றம் எந்த உரசலும் இல்லாமல் நடந்ததே, அதுதான் நான் சொல்ல வந்ததற்குச் சான்று. சினிமாவுக்குள் போகும்போது 'கட்சி சேர' எதையும் வாசலில் கழற்றி வைக்க வேண்டியிருக்கவில்லை.

இன்பம் மட்டுமே போதாதா, எல்லாப் பாட்டும் நிலத்தை உழ வேண்டுமா என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். வேலை முடிந்து தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டுக்குத் திரும்பும் இளைஞனுக்கு அரை மணி நேர மகிழ்ச்சி தரும் பாட்டு பெரிய காரியத்தைத்தான் செய்கிறது. அதனால்தான் 'கட்சி சேர' இந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மூன்றாவது அளவுகோல் அதைக் கைவிடுகிறது. எனக்கு முப்பதாவது தடவை கேட்டபோது அந்த விடுவிப்பு எங்கே வரும் என்பது முன்பே தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகு காத்திருக்க அங்கே வேறெதுவும் இல்லை.

தி எஃப்16ஸ் குழுவின் சிக்கல் வேறு மாதிரி. சென்னைப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் பாடும் ராக். பணக்காரர்களைத் தின்னும் காலம் வந்துவிட்டதா என்று கேட்கும் தலைப்போடு வந்தது அந்த 2021 தொகுப்பு. ஒலிப்பதிவின் சுத்தம், கிட்டாரும் சிந்தசைசரும் ஒன்றன்மேல் ஒன்று படியும் நேர்த்தி, குரலில் உள்ள சலிப்பின் அழகு எல்லாம் உலகத்தரம். மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெரு உணவகம் ஒன்றில், வெளிநாட்டுப் பயணிகள் நடுவில், இதை ஒலிக்கவிட்டால் எந்த நாட்டுக் குழு என்று யாராலும் சொல்ல முடியாது. பாராட்டும் குறையும் இதிலேயே இருக்கின்றன. தலைப்பில் இருக்கும் கோபத்துக்குப் பாட்டுகளுக்குள் ஒரு முகவரி இல்லை. எந்தப் பணக்காரர், எந்த ஊர்? கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாக நீளும் மதிற்சுவர்களைப் பார்த்து வளர்ந்தவன் கேட்க வேண்டிய கேள்வியை, எங்கிருந்தும் கேட்கக்கூடிய கேள்வியாக மாற்றிவிட்டார்கள். நான் இன்னும் கேட்கிறேன், ரசிக்கிறேன். ஆனால் அது என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

நேரெதிர் முனையில் 'சென்னை புறம்போக்குப் பாடல்'. இதைப் பாப் என்று சொல்லலாமா என்று ஒரு சங்கீத ரசிகர் கோபித்துக்கொள்ளலாம். கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத் தமிழில் எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக அமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடியது. ஆனால் சபா மேடைக்காக இது உருவாகவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்கும் இயக்கத்துக்காக, யூடியூபில் எவரும் கேட்பதற்காக, ரத்தீந்திரன் பிரசாத் இயக்கத்தில் காணொளியாக 2017 பொங்கல் நேரத்தில் வெளிவந்தது. பாடகர் முகமூடி மாட்டிக்கொண்டு மாசடைந்த நிலத்தில் நிற்கும் காட்சி மறக்காது. வெகுமக்களிடம் நேராகப் போகும் பாட்டு என்பதே பாப் என்ற சொல்லின் பொருள் என்றால், இதுவும் அதே குடும்பம்தான்.

இந்தப் பாட்டின் சிச்சுவேஷன் கண்ணாடிபோலத் தெளிவு. 'புறம்போக்கு' என்பது வருவாய்த்துறையின் சொல். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று கிராமக் கணக்கில் எழுதப்பட்டவை யாருக்கும் பட்டா இல்லாத, ஆகையால் எல்லாருக்கும் உரிய நிலங்கள். சென்னைத் தெருவில் அது வசைச்சொல் ஆனது. ஒரு பொதுச்சொத்தின் பெயர் எப்படித் திட்டாக மாறியது என்பதையே பாட்டு பொருளாக எடுத்துக்கொண்டு, அந்த வசையை மேலே பூசிக்கொண்டு, அதைப் பெருமையாக்குகிறது. இதை எங்கள் கரையில் வைத்துக் கேட்டாலும் ஒரு சொல்லும் மாறத் தேவையில்லை. முட்டுக்காட்டு உப்பங்கழி, கோவளம் முகத்துவாரம், குப்பங்களுக்கு முன்னால் வலை காயும் மணல், எல்லாம் அந்தக் கணக்கில் வருபவையே. நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருவதற்காக ஓடுகிறது. நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும், மறுக்க முடியாது. ஆனால் கரை எந்தப் பக்கம் அரிக்கிறது, படகை எங்கே ஏற்றுவது என்ற கேள்வி குப்பத்துக்காரரிடம் மட்டும் விடப்படுகிறது. எண்ணூருக்காக எழுதிய பாட்டு நெம்மேலியைப் புரியவைக்கிறது என்றால், சிச்சுவேஷன் உறுதியாக இருக்கும் பாட்டு ஊர்விட்டு ஊர் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

குறை முதல் அளவுகோலில் இருக்கிறது. ராகம் மாறும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது, ஆனால் எனக்குச் சிலிர்ப்பது இருபது வருடக் கச்சேரிப் பழக்கத்தால். கோவளத்தில் படகு தள்ளும் இளைஞன் இதைக் கேட்டுவிட்டு, ஒரு வரியையாவது முணுமுணுத்துக்கொண்டு போவானா? பாட்டு அவனுடைய மொழியில் பேசுகிறது, ஆனால் அவன் பாட முடியாத மெட்டில் பேசுகிறது. கமகம் பயிலாத தொண்டைக்கு அது ஏறாது. யாருக்காகப் பேசுகிறதோ அவர்கள் வாயில் ஏறாத பாட்டு, எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பாதி வழியில் நிற்கும் பாட்டுதான். கச்சேரி உலகத்துக்கு அது திறந்துவிட்ட ஜன்னலின் மதிப்பு வேறு. அந்தக் கணக்கில் அது மகத்தானது.

வாயில் ஏறும் பாட்டு என்றால் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்த்த குழு. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து பெயரெடுத்தது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி. ஒரே மேடையில் கானா, ராப், பறை, சட்டி, மின்சார கிட்டார். தமிழில் ராக் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம் இதுதான். ராக் என்பது கிட்டாரின் உறுமல் மட்டும் இல்லை. தனக்கு இடம் தராத உலகத்தில் நின்று உரக்கப் பாடுவது அதன் வேர். அந்த வேர் வடசென்னைக் கானாவில் முன்பே இருந்தது. சாவு வீட்டில், இரவு முழுக்க, கிடைத்ததைத் தட்டிப் பாடிய கலை அது. டென்மா செய்தது அதற்கு ஆம்ப்ளிஃபயர் கொடுத்தது மட்டும் இல்லை. கிட்டாரைக் கானாவின் நடைக்குப் பணியவைத்தார். அங்கே மேற்கத்திய இசை விருந்தாளி, வீட்டுக்காரர் கானா.

'ஜெய் பீம் ஆந்தம்' அம்பேத்கருக்கான பாட்டு. தமிழில் தலைவர் பாட்டுகளுக்குப் பஞ்சமில்லை, பெரும்பாலும் அவை சுவரொட்டியின் மொழியில் இருக்கும். இது அப்படி இல்லை. தலைவரைப் பற்றி வீட்டுத் திண்ணையில் பேசுகிற தொனி, செய்த நன்மையை நினைத்து நெகிழும் தொனி. இன்பம் உண்டு, சிச்சுவேஷன் உண்டு. ஆனால் ஒரு வரம்பும் உண்டு. இந்தப் பாட்டு மேடையில் நூறு மடங்கு, ஒலிப்பதிவில் பத்து மடங்கு. எதிரே நிற்கும் கூட்டம்தான் இதன் பாதி வாத்தியம். தனியாகப் பேருந்தில் கேட்கும்போது அந்தப் பாதி காணாமல் போகிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, எடை போடும்போது சொல்லாமல் விடவும் முடியாது.

அந்த மேடையிலிருந்து வந்தவர்தான் அறிவு. அரக்கோணத்துப் பிள்ளை. 2019-இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் 'தெருக்குரல்' தொகுப்பு. அதற்கடுத்து, 2021 மார்ச் 7 அன்று, 'என்ஜாய் எஞ்சாமி'. மாஜ்ஜா நிறுவன வெளியீடு, தயாரிப்பு சந்தோஷ் நாராயணன், உடன் பாடியவர் தீ.

நான் இந்தப் பாட்டை அதிக நேரம் எடைபோடப் போகிறேன், ஏனென்றால் இதில்தான் மூன்று அளவுகோலும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

இன்பத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். குயில் கூவுவதுபோன்ற அழைப்பில் தொடங்கி, குழந்தைகள் முதல் தடவையே பிடித்துக்கொள்ளும் சுழற்சி. தீயின் குரல் நம் பின்னணிப் பாடகிகளின் குரல்போல இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் விலகல். அவர் ஈழத்துக் குடும்பத்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். அந்தத் தமிழில் ஒரு தூரம் இருக்கிறது. எதிரே அறிவின் குரல் மண்ணோடு ஒட்டியது. தொலைந்துபோன வீட்டைத் தூரத்திலிருந்து ஒருவர் கூப்பிட, வீட்டுக்குள் இருந்தவர் பதில் சொல்வதுபோல இரண்டும் அமைகின்றன. இந்தக் குரல் தேர்விலேயே பாட்டின் கதை பாதி சொல்லப்பட்டுவிட்டது.

கதை அறிவின் பாட்டி வள்ளியம்மாளுடையது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, வந்த இடத்திலும் நிலமில்லாமல் கூலிக்கு நின்ற தலைமுறை. காணொளியில் அந்தப் பாட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறார். தலைப்பில் உள்ள 'எஞ்சாமி' என்ற விளியைக் கவனியுங்கள். 'என் சாமி' என்று பண்ணையில் குனிந்து நின்றவரும் சொன்னார். அதே வாயால் வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டும் 'என் சாமி' என்றார். அடிமைத்தனமும் அன்பும் ஒரே சொல்லைப் பயன்படுத்திய வரலாறு இது. பாட்டு இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டு முதலாவதைக் கழுவுகிறது. ஏரியும் குளமும் பறவை விலங்குக்கும் உரியவை என்று விரிந்து, பயிரிட்டு வளர்த்தவர் கைக்கு விளைச்சல் எட்டவில்லை என்ற இடத்தில் சுருங்கி, கடைசியில் ஒப்பாரியில் போய் நிற்கிறது. ஆடிக்கொண்டிருந்த கால் அங்கே தயங்க வேண்டும். தயங்க வைக்கும்படிதான் அது கட்டப்பட்டிருக்கிறது.

இதை நான் செங்கல்பட்டில் இருந்து கேட்கிறேன் என்பது எனக்கு முக்கியம். 1891-இல் இந்த மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இங்கே வாழ்ந்த பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். உழைப்பவருக்கு நிலமில்லை, குடியிருக்கும் மனைகூடத் தன்னுடையது இல்லை, கடனில் பிணைக்கப்பட்டிருக்கிறார்கள், நிலம் கேட்டால் மிராசுதாரர் தடுக்கிறார் என்பதே அதன் சாரம். அதன் விளைவாக 1892-இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பஞ்சமி நிலத்தின் பிறப்பு அது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாறலாம் என்ற நிபந்தனையோடு. நூறு ஆண்டுகள் கழித்து, 1994 அக்டோபர் 10 அன்று, மாமல்லபுரத்துக்கு அருகே காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். தேயிலைத் தோட்டத்துப் பாட்டியின் கதை என்று நினைத்துக் கேட்ட பாட்டு, எங்கள் மாவட்டத்தின் நில ஆவணமாகவும் எனக்குக் கேட்பது இதனால்தான். அறிவு காரணையை மனதில் வைத்து எழுதவில்லை. எழுதத் தேவையில்லை. இடத்தை உண்மையாகப் பிடித்த பாட்டு, பெயர் சொல்லாத இடங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது.

இனி எதிர்த்தட்டு. முதல் குறை, இதன் இன்பம் பாட்டிலிருந்து எளிதாகக் கழன்றுவிடுகிறது. கல்யாண மண்டபத்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும் குயில் கூவும் பகுதி மட்டும் ஒலிக்கும். ஒப்பாரி தொடங்கும்போது அடுத்த பாட்டுக்கு மாற்றிவிடுவார்கள். பாட்டி வெட்டி எடுக்கப்பட்ட பிறகும் பாட்டு இனிக்கிறது. இதைக் கேட்பவர் குற்றம் என்று மட்டும் ஒதுக்க முடியாது. துயரத்தைக் கடைசியில் வைத்து, அதற்கு முன்பே முழு மகிழ்ச்சியையும் கொடுத்துவிட்ட கட்டுமானம் இந்த வெட்டுக்கு இடம் தருகிறது.

இரண்டாவது குறை பாட்டுக்கு வெளியே இருப்பது, ஆனால் பாட்டைத் தொடாமல் விடாதது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். பிறகு அறிவுக்கு இணைய அட்டை வந்தது. அடுத்த ஆண்டு இந்தச் சர்ச்சை மாமல்லபுரத்தையே தொட்டது. பூஞ்சேரியில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் வந்து ஆடிய 44-ஆவது செஸ் ஒலிம்பியாடுக்கு, 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா. அங்கே தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. சில நாட்களில் அவர் அறிக்கை வெளியிட்டார். பாட்டு தன் உழைப்பில், தன் முன்னோரின் வரலாற்றில் பிறந்தது என்றார். சந்தோஷ் நாராயணன் தன் தரப்பைச் சொன்னார், மூவரும் சேர்ந்து செய்தது என்றார். தீயும் பதில் எழுதினார். 2024 மார்ச்சில், பாட்டின் மூன்றாம் ஆண்டு நிறைவில், இதிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பொதுவில் சொன்னார்.

அந்த அறைக்குள் எந்த மெட்டை யார் முதலில் முணுமுணுத்தார் என்று தீர்ப்புச் சொல்ல வெளியில் இருக்கும் நான் யார்? சந்தோஷ் நாராயணனின் ஒலி அமைப்பு இல்லாமல் இந்தப் பாட்டு இந்த உருவத்தில் இல்லை, தீயின் குரல் இல்லாமல் அந்தத் தூரம் இல்லை. ஆனால் விமர்சகன் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. விதைத்தவர் கைக்கு விளைச்சல் வந்து சேர வேண்டும் என்று கேட்கும் பாட்டு, அதை உருவாக்கியவர்கள் விஷயத்திலேயே அந்தக் கேள்வியை மீண்டும் எழுப்பிவிட்டது. வள்ளியம்மாளின் பேரன் இல்லாத மேடையில் வள்ளியம்மாளின் கதை ஒலித்தது. பாட்டின் மதிப்பை இது குறைக்கவில்லை, அதன் வாதத்தை நிரூபித்தது. குறைந்தது எங்கள் மகிழ்ச்சிதான்.

அதே ஒலிம்பியாடுக்கு ஏ.ஆர். ரஹ்மான் இசையில், விக்னேஷ் சிவன் இயக்கத்தில் ஒரு வரவேற்புப் பாடல் வந்தது. நேப்பியர் பாலம் முழுக்கச் சதுரங்கக் கட்டம், வேட்டி கட்டிய குதிரைச் சின்னம் 'தம்பி', உற்சாகம். அழைப்பிதழாக அது தன் வேலையைச் செய்தது. ஆனால் அந்தச் சில வாரங்களில் இந்த மண்ணைப் பற்றி உலகத்துக்கு எதையாவது சொன்ன பாட்டு எது என்று கேட்டால், வரவேற்புப் பாடலைச் சொல்ல மாட்டேன், மேடையில் ஒருவர் குறையப் பாடப்பட்ட அந்தப் பாட்டைத்தான் சொல்வேன். முன்னதற்குச் சிச்சுவேஷனை அரசு கொடுத்தது. பின்னதற்கு ஒரு பாட்டி கொடுத்தார்.

ஆகவே தீர்ப்பு. ஐந்தில் முதலிடம் 'என்ஜாய் எஞ்சாமி'க்கு. அது குறையற்றது என்பதால் இல்லை. காதையும் காலையும் முழுதாகத் திருப்திப்படுத்திவிட்டு, அதே மூச்சில் ஓர் ஒப்பாரியையும் கேட்கவைத்த பாட்டு இந்தப் பட்டியலில் அது ஒன்றுதான். அதன் கட்டுமானக் குறையை மன்னிக்காமலே முதலிடம் தருகிறேன். இரண்டாவது 'ஜெய் பீம் ஆந்தம்', தமிழில் ராக் எந்த மண்ணில் வேர்விட முடியும் என்று காட்டியதற்காக. மூன்றாவது புறம்போக்குப் பாடல். சிந்தனையில் முதலிடம், பாடும் தொண்டைகளின் எண்ணிக்கையில் கடைசி. நான்காவது 'கட்சி சேர'. இந்த இளைஞரின் கைத்திறனுக்கு நாளை தனக்கென்று ஓர் ஊர் கிடைத்தால் இந்த வரிசை தலைகீழாகும், அதை நான் மனதார விரும்புகிறேன். ஐந்தாவது எஃப்16ஸ். ஒலியில் குறையில்லாமல் ஐந்தாவது இடத்துக்கு வருவது கசப்பான முடிவு, ஆனால் முகவரி இல்லாத கடிதத்தை முன்னால் வைக்க என்னால் முடியவில்லை.

இந்த அளவுகோல் எனக்கே ஒரு குறையைக் காட்டிக்கொடுத்தது. ஐந்தில் ஒன்றுகூட இந்தக் கரையில் பிறக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்துக்கு இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். சேலைகளைக் கட்டிக் கூடாரமாக்கி மணலில் தங்கி, விடியலில் கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் நிச்சயம் செய்து, பாடி ஆடிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பாட்டு எந்த மேடையிலும் இல்லை, எந்தத் தொகுப்பிலும் நான் கேட்டதில்லை. பக்கத்திலேயே சிற்பக் கூடங்களில் உளி நாள் முழுக்கத் தாளம் தட்டுகிறது. வடநெம்மேலியில் 1978 முதல் பாம்பு பிடிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் நஞ்செடுத்துக் கொடுத்து நாட்டின் உயிர்களைக் காக்கிறது. இவர்களில் ஒருவருடைய பேரனோ பேத்தியோ ஒரு மைக்கைப் பிடித்துத் தன் பாட்டியின் சிச்சுவேஷனைத் தானே சொல்லும் நாளில், இந்தப் பட்டியலை முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும். அன்று அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும், பாடியவர் மேடையில் இருக்கிறாரா என்று நான் முதலில் பார்ப்பேன்.